மருதநேரியில் கைகள் இறங்காத காலம்

மருதநேரி ஊராட்சியில் தூக்கிய கைகள் இறங்காமல் நின்றுபோன அந்த ஆவணி மாதத்துக்கு முன்புவரை, மன்றக் கூட்டத்தில் எல்லாரையும்விட வேகமாகக் கையைத் தூக்கி எல்லாரையும்விட வேகமாக இறக்குகிறவள் என்று ஆறாவது வார்டு உறுப்பினர் வெள்ளத்தாய்க்குப் பெயர் இருந்தது. அதில் அரசியல் ஒன்றும் இல்லை. அவள் பீடி சுற்றிப் பிழைக்கிறவள். கூட்டத்துக்கு வரும்போதே முறம்போன்ற சுளகும் இலைக்கட்டும் தூள் டப்பாவும் இடுப்போடு வந்துவிடும். தலைவர் பேசப் பேச, உறுப்பினர்கள் டீ குடிக்கக் குடிக்க, அவள் விரல்கள் இலையைச் சுருட்டி நூலைக் கட்டிக்கொண்டே இருக்கும். ஊராட்சிச் செயலர் இன்னாசி தீர்மானம் வாசிப்பது, கிணற்றுக்குள் வாளி இறங்குவதுபோலக் கடகடவென்று ஒரே மூச்சில் போய், "மன்றம் அனுமதிக்கிறது" என்ற இடத்தில் தொப்பென்று தண்ணீரைத் தொடும். அந்தச் சத்தம் கேட்டதும் வெள்ளத்தாய் வலது கையை உயர்த்துவாள், தாழ்த்துவாள், விட்ட பீடியை விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொள்வாள். மற்ற எட்டு உறுப்பினர்களும் அவள் கை போவதைப் பார்த்துத் தங்கள் கையையும் தூக்கிவைப்பார்கள். இப்படி, என்ன வாசித்தார்கள் என்று கேட்காத ஒருத்தியின் கையைப் பார்த்து, அதையும் கேட்காத எட்டுப் பேர் கை தூக்க, மருதநேரி நல்லபடியாகவே ஆளப்பட்டு வந்தது.

தலைவர் ஆவுடையப்பனுக்குக் கை தூக்குகிற வேலை கிடையாது, அவர் எண்ணுகிறவர். எலுமிச்சங்காய்க் கமிஷன் கடை வைத்திருந்தவர். ஊருக்கு ஒரு நுழைவு வளைவு, குளக்கரையில் நடைபாதை, நடந்து களைத்தவர் உட்காரப் பூங்கா, உட்கார்ந்து களைத்தவர் உடம்பை முறுக்க இரும்புச் சாமான்கள் என்று, காய்த்த மரத்தில் காய் தொங்குவதுபோல அவரிடம் திட்டங்கள் தொங்கிக்கொண்டிருந்தன. பறிக்கத்தான் ஆள் இல்லை.

அந்த ஆவணி மாத வெள்ளிக்கிழமை இன்னாசி வாசித்தது வடக்குத் தெரு வாறுகாலைத் தூர் வாருகிற தீர்மானம். சாக்கடைத் தண்ணீர் போகிற அந்த வாறுகாலைத் தூர் வார மன்றம் எத்தனையோ தடவை தீர்மானித்திருந்தது. தீர்மானம் கூடக்கூட வாறுகாலில் மண்ணும் கூடிக்கொண்டு வந்தது. வாளி தொப்பென்று விழுந்தது. வெள்ளத்தாயின் கை போனது. பின்னாலேயே எட்டுக் கைகள் போயின. போன கைகள் போனபடியே நின்றன.

"போதும், எண்ணியாச்சு. இறக்குங்க," என்றார் தலைவர்.

"இறக்கத்தான் பாக்கேன் தலைவரே. வரமாட்டேங்கு," என்றாள் வெள்ளத்தாய், சுளகில் பாதி சுருட்டிய பீடி பிரிந்துபோவதைப் பார்த்துக்கொண்டே.

"எனக்கும்தான் வே," என்றார் துணைத்தலைவர் சேர்மராஜ். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையைத் தவிர வேறெதையும் போடாதவர், நாலுவழிச்சாலை ஓரம் நிலம் வைத்திருப்பவர். அவருடைய சட்டை அக்குளில் டர்ரென்று பிரிந்ததுதான் அன்றைக்கு முதல் சேதம். இன்னாசி அவர் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார், பிறகு தொங்கிப் பார்த்தார், பிறகு ஊஞ்சலில் ஆடுகிறவர்போலத் தரையிலிருந்து காலை எடுத்தும் பார்த்தார். கை அசையவில்லை. வலி இல்லை, விறைப்பு இல்லை. பனைமரம் எப்படி மேலே இருக்கிறதோ அப்படி அது பாட்டுக்கு மேலே இருந்தது.

ஒன்பது பேரும் தூக்கிய கையோடு வீட்டுக்குப் போனார்கள். ஊர் பார்த்தது, "என்ன, இன்னும் கூட்டம் முடியலையா?" என்று கேட்டது, அடுத்த வேலையைப் பார்க்கப் போனது. மறுநாள் காலையில் டவுன் பஸ் மருதநேரிக்குள் ஒன்பது இடத்தில் நின்று, ஏறுவதற்கு ஆள் இல்லாமல் ஒன்பது தடவை திட்டிவிட்டுப் போனது. சேர்மராஜ் எலுமிச்சங்காய் ஏலத்தை வேடிக்கை பார்க்க நின்ற பாவத்துக்குப் பதினொரு மூட்டை காய் அவர் பெயரில் விழுந்தது. தையல்காரர் சட்டைகளின் வலது தோளைப் பிரித்து வரிசையாகப் பொத்தான் வைத்துக் கொடுத்தார், ரவிக்கைகளுக்கு நாடா வைத்தார், அது பார்க்க நன்றாக இருக்கிறது என்று கை தூக்காதவர்களும் கேட்டு வாங்கினார்கள். இடது கையால் சோறு தின்பது முறையில்லை என்பதால் வீட்டில் உள்ளவர்கள் ஊட்டிவிட வேண்டியதாயிற்று. ஊட்டுகிறபோது முகத்தைப் பார்க்காமல் முடியாது, பார்க்காவிட்டால் வாய்க்குப் போகவேண்டியது மூக்குக்குப் போய்விடும். இதனால் பல வருசமாக முகம் பார்க்காமல் குடித்தனம் நடத்திய இரண்டு உறுப்பினர்களும் அவர்கள் மனைவிமாரும், தங்களுக்கு வயதாகிவிட்டதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

அம்மன் கோவிலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்கள். டவுன் ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். படத்தில் எலும்பெல்லாம் ஒழுங்காக இருந்தது, மேலே பார்த்து இருந்தது, அவ்வளவுதான்.

கடைசியில் கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்டது பூலம்மாள். அவள் வெள்ளத்தாயின் புருசனுக்கு அக்காள். தம்பி கொல்லத்தில் ஓட்டல் வேலைக்குப் போனதிலிருந்து, அடுத்த வீட்டில் இருந்துகொண்டு, வெள்ளத்தாயோடு ஒரு சண்டையாவது போடாவிட்டால் அன்றைக்குச் சோறு செரிக்காதவள்.

"ஏட்டி, எதுக்குத் தூக்குன?"

"தூக்கச் சொன்னாக, தூக்குனேன் மதினி."

"எதுக்குன்னு கேக்கேன்."

வெள்ளத்தாய் யோசித்தாள். தெரியவில்லை. சேர்மராஜிடம் கேட்டார்கள், அவருக்கும் தெரியவில்லை. தலைவரிடம் கேட்டார்கள், அவர் நுழைவு வளைவுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

"நல்லா ஆண்டீங்க ஊர," என்றாள் பூலம்மாள். "எங்க தெரு வாறுகாலுக்குத்தான் தூக்கியிருப்பீங்க. வருசா வருசம் அதுக்குத்தான தூக்குதீங்க. போய் மண்ண அள்ளுங்க, கை தன்னால வரும்."

அள்ளினால் வரும் என்று அவள் நம்பிச் சொன்னாளா, வாறுகால் சுத்தமானால் சரி என்று சொன்னாளா என்பது யாருக்கும் தெரியாது. ஒரு கை மேலே இருக்க, ஒரு கையால் கூடை பிடித்து, ஒன்பது பேரும் கூலிக்காரர்களோடு இறங்கி நின்றார்கள். கடைசி மண்வெட்டி மண் கரையேறியதும் ஒன்பது கைகளும் பழம் உதிர்வதுபோலப் பொத்துப் பொத்தென்று விழுந்தன. வெள்ளத்தாய் விழுந்த கையை இடது கையால் எடுத்து மடியில் வைத்து, தூரத்து ஊரிலிருந்து வந்த உறவுக்காரரைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு மருதநேரிக்கு ஒரு நல்ல காலம் வந்தது. தலைவர் தெருவிளக்குக்குத் தீர்மானம் வைத்தார். கை தூக்கியவர்கள் மின்வாரிய ஆபீஸ் வாசலில் தூக்கிய கையோடு போய் நிற்க, அங்கிருந்தவர்கள் கோஷம் போடப்போகிறார்கள் என்று பயந்து அன்றைக்கே ஆள் அனுப்பினார்கள். பள்ளிக்கூடத்துக் கூரை ஓட்டை அடைபட்டது. நூலகத்துக்குக் கதவு வந்தது, கதவுக்குள் புத்தகமும் வந்தது. பக்கத்து ஊராட்சிக்காரர்கள் வந்து, எந்தச் சாமிக்கு என்ன செய்தீர்கள் என்று விசாரித்துவிட்டு, நம் ஊருக்கு இது வேண்டாம் என்று போனார்கள்.

ஆனால் மனிதன் மாட்டுக்கு மூக்கணாங்கயிறு போடத் தெரிந்தவன். உறுப்பினர்கள் முதலில் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து உட்காரப் பழகினார்கள். பிறகு இன்னாசியை நிறுத்தி நிறுத்தி வாசிக்கச் சொன்னார்கள். "பூங்கா அமைப்பது" என்றால் யாரும் அசைய மாட்டார்கள்; "பூங்காவுக்கு ஒரு வேப்பங்கன்று நடுவது" என்றால், எவ்வளவு உயரக் கன்று, குழி யார் வெட்டுவது, ஆடு கடித்தால் அது நட்டதாகுமா ஆகாதா என்று உச்சிப்பொழுது தாண்டும்வரை விசாரித்துவிட்டு, மூன்று பேர் தூக்குவார்கள். எல்லாரையும் மிஞ்சின வழியைச் சேர்மராஜ் கண்டுபிடித்தார்: வேலையை முதலில் முடித்துவிட்டுப் பிறகு தீர்மானம் போடுவது. முடிந்த வேலைக்குத் தூக்கின கை போன வேகத்தில் திரும்பி வந்தது. மாவட்டத்தில் மற்ற ஊர்களெல்லாம் தீர்மானம் போட்டு வேலை செய்யாமல் இருந்தபோது, மருதநேரி மட்டும் வேலை செய்துவிட்டுத் தீர்மானம் போட்டது. வெள்ளத்தாய் மட்டும் பழைய வேகத்தை விட்டுவிட்டாள். இப்போது அவள் சுளகை மடியில் வைத்திருந்தாலும், இன்னாசி வாசிக்கும்போது விரல் நிற்கும், காது கேட்கும்.

இந்த நிலைமையில்தான் தை மாதம் மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. மருதநேரி ஊராட்சியைப் பக்கத்து நகராட்சியோடு இணைக்க உத்தேசம். மன்றம் தன் கருத்தைத் தீர்மானமாக அனுப்பவேண்டியது.

ஊர் இரண்டாகப் பிரிந்து டீக்கடையில் உட்கார்ந்தது. சேர்ந்தால் தார்ச்சாலை வரும், குழாயில் தண்ணீர் வரும், நிலம் விலை ஏறும் என்றது ஒரு பெஞ்சு. வீட்டு வரி ஏறும், குப்பைக்கு வரி வரும், கிராமத்துக்கு மட்டுமே உண்டான நூறு நாள் வேலை போய்விடும் என்றது எதிர்ப் பெஞ்சு. தலைவர் இரண்டு பெஞ்சுக்கும் நடுவில் நின்றுகொண்டு, யானைக்கு வாலாக இருப்பது நல்லதா எலிக்குத் தலையாக இருப்பது நல்லதா என்று யோசித்துக்கொண்டிருந்தார். வெள்ளத்தாயின் ஆறாவது வார்டில் யோசிக்க ஒன்றும் இல்லை. அங்கே பெண்பிள்ளைகள் பாதி நாள் பீடியிலும் பாதி நாள் நூறு நாள் வேலையிலும் காலம் தள்ளுகிறவர்கள். இரண்டில் ஒன்று போனால் மற்றொன்றை வைத்துக்கொண்டு நொண்டத்தான் முடியும்.

கூட்ட நாளில் ஆறாவது வார்டுப் பெண்கள் ஊராட்சி அலுவலகத்தின் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றார்கள். முதலில் "சேரலாம்" என்கிற தீர்மானம். சேர்மராஜும் அவரோடு மூன்று பேரும் தூக்கினார்கள். கைகள் நின்றன. அவர்கள் கவலைப்படவில்லை, அடுத்த மாதமே இணைத்துவிடுவார்கள், கை இறங்கிவிடும். பிறகு "சேர வேண்டாம்" என்கிற தீர்மானத்தை இன்னாசி நிறுத்தி நிறுத்தி வாசித்தார். மற்றவர்கள் தொடைக்கு அடியிலிருந்து கையை உருவும் நேரத்தில் சேர்மராஜ் தொண்டையைச் செருமினார்.

"தாராளமாத் தூக்குங்க, நான் தடுக்கல. ஆனா ஒண்ணு மட்டும் யோசிங்க. சேருத காரியம் ஒரு நாள்ல முடிஞ்சுரும். சேராம இருக்க காரியம் என்னைக்கு முடியும்?"

பாதி உருவிய கைகள் திரும்பவும் தொடைக்கு அடியில் போயின.

அது உண்மை என்பது எல்லாருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. வாறுகால் தூர் வாரினால் முடிந்தது. விளக்கு எரிந்தால் முடிந்தது. வேண்டாம் என்பது எங்கே முடிகிறது? ஊர் ஊராக இருக்கிற நாள்வரை அது முடியாது. அதுவரை கை மேலேயே இருக்கும்.

"செத்தா என்ன செய்யது? பாடைய எப்படிக் கட்டுவாக?" என்று ஒருவர் கேட்டார். அவர்தான் முதலில் கையைத் தூக்கியவரும். அவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர்; கையை நீட்டியே பழகிவிட்டது என்றார். அடுத்தவர் சேர்மராஜ் மீது உள்ள கோபத்தில் தூக்கினார். அடுத்தவர் அவருக்குப் போட்டியாகத் தூக்கினார். நாலாவது ஆள், நாலு பேர் பார்க்கிறார்களே என்று தூக்கினார். ஆனது நாலுக்கு நாலு. மிச்சம் வெள்ளத்தாய்.

அவள் மடியில் சுளகு இருந்தது. ஒரு பீடி பாதியில் இருந்தது. ஜன்னலில் பதினைந்து இருபது முகங்கள் இருந்தன, ஒன்றும் வாயைத் திறக்கவில்லை. அதுதான் அவளுக்கு ஆத்திரமாக வந்தது; தூக்கு என்று ஒருத்தி கத்தியிருந்தால், நீ வந்து தூக்கு என்று திருப்பிச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பாள். இடது கையைத் தூக்கினால் என்ன என்றும் ஒரு நிமிசம் நினைத்தாள். பீடிக்கு இரண்டு கையும் வேண்டும், எதைத் தூக்கினாலும் பிழைப்பு போனதுதான்; போகிறது போகிறது, சோறு தின்கிற கையாகவே போகட்டும். பாதிப் பீடியைச் சுருட்டி முடித்தாள், நூல் கட்டினாள், தலையை மடக்கிக் குத்தினாள், சுளகில் வைத்தாள், வலது கையைத் தூக்கினாள்.

சேர்மராஜின் கையும் அவரோடு இருந்த மூன்று கைகளும் தோற்றுப்போய் விழுந்தன. ஐந்து கைகள் நின்றன.

அந்த ஐந்து கைகள் நிற்கிறவரைக்கும் மேலிடத்திலிருந்து அடுத்த கடிதம் வரவில்லை. ஊர் மகிழ்ந்தது, ஐந்து பேரைத் தவிர. மாசி போய்ப் பங்குனி வந்தது. டிரைவர் வீட்டில் அவர் கையில் துணிக்கொடி கட்டினார்கள். ஆறாவது வார்டுக்கு வழி கேட்கிற ஆளுக்கு, "நேராப் போங்க, ஒரு கை தெரியும், அங்கன இருந்து இடது பக்கம்," என்று சொன்னார்கள். பீடிக்கடைக்காரன் வெள்ளத்தாய்க்கு இலை போடுவதை நிறுத்தினான். ஒரு கையாலும் கால் கட்டைவிரலாலும் அவள் சுற்றிப் பார்த்த பீடிகள் கர்ப்பிணிகள்போல நடுவில் பெருத்திருந்தன. வார்டுப் பெண்கள் வேலைக்குப் போகிற வழியில் குழம்பும் கூட்டும் கொண்டுவந்து வைத்தார்கள். "எனக்கு வாய் ரெண்டா இருக்கு? கொண்டு போங்கட்டி," என்று அவள் விரட்டினாள், விரட்டிவிட்டு, போனவர்களின் இரண்டு கைகளும் முன்னும் பின்னும் வீசி வீசிப் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

பூலம்மாள்தான் மூன்று வேளையும் ஊட்டினாள். ஊட்டுவது பாதி, திட்டுவது பாதி.

"எல்லாரும் மெம்பராகிச் சங்கிலி வாங்கினாக. நீ மெம்பராகிக் கொடிமரம் ஆயிட்ட."

"மதினி, மொளகா."

"இருக்கட்டும், தின்னு. உன் கை நெழல் என் முத்தத்துல விழுது, வத்தல் காயமாட்டேங்கு."

ஒரு நாள் மத்தியானம் மீன்குழம்பு. முள் எடுத்து எடுத்து ஊட்ட வேண்டியிருந்தது. வெள்ளத்தாய் முள்ளுக்குப் பயந்து வாயைத் திறந்து திறந்து மூட, சோறு ரவிக்கையில் விழ, பூலம்மாளுக்கு அடங்காத எரிச்சல் வந்துவிட்டது. குழாயடியில் நிறைகுடத்தோடு தடுமாறுகிறவளைப் பார்த்து எப்படிச் சொல்வாளோ அப்படியே சொன்னாள்.

"குடு இங்க. நான் புடிக்கேன். நீயே முள்ளெடுத்துத் தின்னு தொலை."

வெள்ளத்தாயின் கை இறங்கியது. பூலம்மாளின் கை மேலே போனது.

வெள்ளத்தாய் தட்டை இழுத்து வைத்து, முள்ளெடுத்து, வேகமாகத் தின்றாள். யோசிப்பதற்கு முன்னால் தின்றுவிட வேண்டும் என்று தின்றாள். பூலம்மாள் தூக்கிய தன் கையைத் திரும்பிப் பார்த்து, "இந்தக் கனத்தையாட்டி இத்தன நாளாத் தூக்கிட்டிருந்த?" என்றாள்.

அதுதான் வித்தியாசம். வெள்ளத்தாயிடம் இருந்தபோது அந்தக் கைக்குக் கனம் இல்லை, இறங்கவும் வராது. வாங்கின கை கனத்தது. தோள் வலித்தது. நினைத்தால் இறக்கவும் முடியும் என்று அந்தத் தோளுக்குத் தெரிந்தது. அன்றைக்கு மாலையே அது தெரியவும் வந்தது: பூலம்மாள் சுவரில் சாய்ந்தபடி கண் அசர, கை காதுவரைக்கும் இறங்கிவிட, தெருவின் மறுமுனையில் டிரைவரும் மற்ற மூன்று பேரும் தங்கள் கைகள் தளர்வதை உணர்ந்து அலறிக்கொண்டு ஓடிவந்தார்கள். ஒன்று விழுந்தால் ஐந்தும் விழும். ஐந்தும் விழுந்தால் ஊர் நகராட்சிக்குள் விழும்.

"திருப்பிக் குடுங்க மதினி," என்றாள் வெள்ளத்தாய். கை திரும்பி வந்தது, கனம் இல்லாமல், பத்திரமாக.

அன்றிலிருந்து வெள்ளத்தாய்க்கு நிம்மதி போயிற்று. கை தன்னிடமே இருந்தால் ஊருக்குப் பயம் இல்லை, தனக்குப் பிழைப்பு இல்லை. கொடுத்தால் பிழைப்பு உண்டு. ஆனால் வாங்கினவள் தூங்கிவிட்டால், தும்மிவிட்டால், கோபித்துக்கொண்டுவிட்டால் எல்லாம் போயிற்று. கேட்கிறவரிடம்தான் கை போகும், திணித்தால் போகாது என்பதையும் கண்டுபிடித்தார்கள். கேட்கத்தான் ஆள் நிறைய வந்தது. "கொஞ்ச நேரம் குடுக்கா" என்று வார்டுப் பெண்கள் வாசலில் நின்றார்கள். வெள்ளத்தாய் ஒவ்வொருத்தியின் தோளையும் பார்ப்பாள், கண்ணைப் பார்ப்பாள், ராத்திரி தூங்கினாளா என்று கேட்பாள், இல்லை என்று அனுப்பிவிடுவாள்.

இதற்கு வழி செய்தது வடக்குத் தெருப் பங்குக் கிணறு. அந்தக் கிணற்றில் பல குடும்பத்துக்குப் பங்கு; எலுமிச்சைத் தோட்டத்துக்கு யார் என்றைக்குத் தண்ணீர் பாய்ச்சுவது என்பதற்குத் தலைமுறை தலைமுறையாக முறை உண்டு. அண்ணன் தம்பி வெட்டிக்கொண்டாலும் முறை மாறாது. தன் முறையில் ஒருவன் தூங்கி மடை உடைந்தால், அவன் பேரன் கல்யாணத்திலும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். "தண்ணிக்கு முறை இருக்குல்லா, கைக்கும் முறை வச்சா என்ன?" என்று கிணற்றடியில் யாரோ கேட்டார்கள், யார் என்று பிறகு பத்துப் பேர் சொல்லிக்கொண்டார்கள். பொழுது விடிந்தால் ஒரு பங்கு, அடைந்தால் அடுத்த பங்கு. ஐந்து கைக்கும் அப்படியே.

முறை வந்ததும் ஊரின் போக்கு மாறியது. ஒரு பகல் முழுக்கக் கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவனுக்கு, எதற்காகத் தூக்குகிறோம் என்று கேட்கத் தோன்றிவிடுகிறது. வரி எவ்வளவு ஏறும், இப்போது வருகிற வரி எங்கே போகிறது என்று அவர்கள் இன்னாசியைக் கேட்டார்கள். இன்னாசிக்கு ஒரே மூச்சில் பேசுகிற பழக்கமே விட்டுப்போயிற்று. நுழைவு வளைவு எதற்கு, ஊருக்குள் வருவதற்கு இருப்பதே ஒரு வழிதானே என்று தலைவரைக் கேட்டார்கள். தலைவர் வளைவைக் குறைத்து ஒரு பலகை ஆக்கினார். சேர்வதுதான் நல்லது என்று நினைத்தவர்களும் முறை வந்தபோது தூக்கிக்கொண்டு, தூக்கியபடியே சேர்வதுதான் நல்லது என்று வாதாடினார்கள். வெள்ளத்தாய் ஒவ்வொரு விடியலிலும் பயந்து பயந்து கொடுத்தாள், பயந்து பயந்து பீடி சுற்றினாள்.

சித்திரையில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ராத்திரி முறை முடிந்து திரும்பி வந்த கையைத் தூக்கியபடி, பகல் முறைக்காரருக்காக அவள் வாசலில் நிற்க, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில், குளித்துத் திருநீறு பூசி, சேர்மராஜ் வந்து நின்றார்.

"எங்க அம்மை வழில எனக்கும் அந்தக் கிணத்துல பங்கு உண்டு தாயி. இன்னைக்கு என் முறை. குடு."

பூலம்மாள் சுவருக்கு மேலே தலையை நீட்டினாள்.

"கீழ போட்டுட்டீங்கன்னா அண்ணாச்சி?" என்றாள் வெள்ளத்தாய்.

"போட மாட்டேன்னு சொன்னா நம்புவியா?"

"மாட்டேன்."

"பின்ன எதுக்குக் கேக்க?"

"ஏட்டி, குடுக்காத," என்றாள் பூலம்மாள். "நரிகிட்ட கோழிக்குஞ்ச குடுத்துட்டுப் பீடி சுத்தப் போறியா?"

வெள்ளத்தாய் யோசித்தாள். கொடுக்காவிட்டால் கை பத்திரம். ஆனால் பங்குக்காரனின் முறையை ஒரு தடவை மறுத்தால் நாளைக்கு இன்னொருவனை மறுக்கத் தோன்றும். மறுக்கப்பட்டவனின் மச்சான் தன் முறைக்கு வரமாட்டான். ஒரு மாதத்தில் முறை செத்து, கை திரும்பவும் தன் தோளிலேயே வந்து உட்காரும், இந்தத் தடவை மனது வருந்திக் குழம்பு கொண்டுவரக்கூட ஆள் இருக்காது.

"இந்தாங்க, புடிங்க," என்றாள்.

கை போனது. சேர்மராஜ் அதன் கனத்தை எதிர்பார்க்கவில்லை. ஒரு அடி பின்னால் வைத்தார், சமாளித்தார், அவள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அவள் எதிரே சுளகோடு உட்கார்ந்தாள். சுற்றின பீடியைப் பார்க்கவில்லை, அவர் கையையே பார்த்தாள். தெருவில் போனவர்களெல்லாம் நின்று போனார்கள். "துணைத்தலைவரே, சந்தேகம் ஏதும் கேக்கணுமா?" என்றார்கள். "பஸ் போயிட்டுதே, இனி எதுக்கு நீட்டுதீங்க?" என்றார்கள். பதினொரு மணிக்கு மன்றத்தில் அவரோடு கை தூக்கிய உறுப்பினர்கள் மூன்று பேர் காரில் வந்து இறங்கினார்கள்.

"ஒரு நிமிச வேலை வே. கைய இறக்கிட்டு எந்திரிச்சு வாரும். ஊரே டவுனாயிரும்."

வெள்ளத்தாயின் விரலில் நூல் அறுந்தது.

"என் முறைல மடை உடைஞ்சிதுன்னு ஊர் சொல்லணுமா?" என்றார் சேர்மராஜ்.

"மடை எங்கவே இருக்கு இங்க?"

"எங்க இருந்தா என்ன. முறைன்னா முறைதான். நாளைக்குக் கூட்டத்துல உங்க பக்கம்தான் பேசுவேன், உங்களைவிட நல்லாப் பேசுவேன். இப்பம் போங்க, காத்த மறைக்காதிங்க."

கார் போயிற்று. வெயில் ஏறி இறங்கியது. பூலம்மாள் ஒன்றும் பேசாமல் வந்து அவருக்கு பழையசோற்று நீச்சத்தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டு, பேசாமல் வந்தது தனக்கே பிடிக்காமல், "ஒரு சொட்டு சிந்தாமக் குடிங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பொழுது அடைந்தது. அடுத்த முறை தலைவருடையது. தலைவர் வரவில்லை; பலகைக்கு இடம் அளக்கப் போயிருக்கிறார் என்றார்கள். சேர்மராஜின் சட்டை நனைந்து கஞ்சி கரைந்து முதுகோடு ஒட்டியது. கை நெற்றிக்கு இறங்கியது, அவர் பல்லைக் கடித்து ஏற்றினார். காதுக்கு இறங்கியது, ஏற்றினார். தெருக்கோடியில் யாரோ அலறுவது கேட்டது.

"தாயி, குடுங்கன்னு ஒரு வார்த்தை கேளேன். உங்கிட்டயே திருப்பித் தந்துட்டுப் போயிருதேன்."

கேட்டால் கை பத்திரமாக வந்துவிடும். கனமில்லாமல், இனிமேல் பயமில்லாமல். வெள்ளத்தாய் வாயைத் திறந்தாள். பிறகு மூடினாள்.

"கேக்க மாட்டேன் அண்ணாச்சி. அடுத்த முறைக்காரர் வாரது வரைக்கும் உங்க முறைதான்."

அவள் எழுந்து உள்ளே போனாள். வரும்போது உலக்கை கொண்டுவந்தாள். அதை நிமிர்த்தித் தரையில் ஊன்றி, பூண் இல்லாத முனையை அவர் முழங்கைக்கு அடியில் கொடுத்தாள். கை நின்றது.

சேர்மராஜ் மூச்சு விட்டார். கொஞ்சம் தெம்பு வந்ததும் பழைய துணைத்தலைவர் ஆகிவிட்டார்.

"இப்படி முட்டுக் குடுக்கலாமா? இதுக்கு மன்றத்துல அனுமதி உண்டா?"

"இல்லேன்னா ஒரு தீர்மானம் போட்டுக்கிடுவோம்."

"அதுக்கு யாரு தாயி கை தூக்குவா?"

சுவருக்கு அந்தப் பக்கம் பூலம்மாள்தான் முதலில் சிரித்தாள். பிறகு சேர்மராஜுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பை அடக்கப் பார்க்க, அது வயிற்றில் இறங்கி, உடம்பு குலுங்கி, தோள் குலுங்கி, கை குலுங்கி, உலக்கை ஒரு பக்கமாகச் சரிந்தது. வெள்ளத்தாய் சுளகையும் பீடியையும் மண்ணில் சிந்திவிட்டு எட்டி, உலக்கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.